அழுகைக்கு ஏறும் கிணறு

'எட்டாம் வீட்டு மருமகள்' தொடரில் பூரணியின் மகனைப் போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்கு, அவள் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுத அதே நேரத்தில், அந்த வேஷத்தில் நடித்த பூரணி நிஜத்தில் குடியிருக்கிற சாலிகிராமம் நவரத்னா பிளாட்ஸின் பின்பக்கம், பாசி காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த கிணற்றில் இரண்டு உறை உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருக்கும் சிமெண்ட் வளையத்துக்கு உறை என்று பெயர். இன்றைக்கு எத்தனை உறை தண்ணீர் என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வீடுகளில் பெண்கள் துணியை ஊறப்போடுவார்கள். காவல்காரர் துரைக்கண்ணு பீடி பற்றவைக்கக் கிணற்றடிக்குப் போனவர், யாரோ மடக் மடக்கென்று குடிப்பது போலச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, பற்றவைக்காத பீடியோடு மாடியேறிப் போய் சங்கச் செயலாளர் ஞானசம்பந்தத்திடம் சொன்னார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஞானசம்பந்தம். எங்கேயாவது பைப்பை உடைத்திருப்பான்கள், அந்தத் தண்ணீர்தான் இங்கே கசிகிறது, பேசாமல் மோட்டாரைப் போடு என்றார்.

மறுநாள் தொடரில் பூரணி கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றினாள், கிணறு அசையவில்லை. அதற்கு மறுநாள் கோர்ட் வாசலில் அழுதாள்; ஏறியது. கீழ்வீட்டில் ஜாக்கெட் தைக்கும் மும்தாஜ்தான், ஊசியைப் பல்லில் கடித்தபடியே, "அக்கா டிவியில அழுதா ஏறுது" என்று முதலில் சொன்னாள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊரில், தண்ணீர் வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று எவன் கேட்பான்? குடத்தைத்தான் தூக்குவான்.

அந்தத் தண்ணீர் லேசாகத் தித்தித்தது. கண்ணில் விடுகிற கிளிசரினின் தித்திப்பு அது என்று பூரணிக்கு முதல் மடக்கிலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது தெரியவும் வேண்டியிருக்கவில்லை. பருப்பு பூவாய் வேகிறது, காபி அமிர்தமாய் இருக்கிறது, தலைக்குக் குளித்தால் முடி பட்டாய் நிற்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள், குளித்தார்கள், பைக் கழுவினார்கள். காலை மறுஒளிபரப்புக்குப் பாதிதான் ஏறும் என்றும், போனில் பார்த்தால் சொட்டுக்கூட வராது என்றும், நடுவே விளம்பரம் வந்தால் தண்ணீரும் நின்று காத்திருக்கும் என்றும், தனியாக அழுவதைவிட யார் தோளிலாவது சாய்ந்து அழுதால் அதிகம், பூஜையறையில் சாமி படத்தைப் பார்த்து அழுதால் அதைவிட அதிகம் என்றும் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார்கள். செயலாளர் கார் நிறுத்தும் இடத்தில், கிணற்றுக்குப் பக்கத்திலேயே பொது டிவி ஒன்றை மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். 'இன்று அழுகை உண்டு. தொட்டிகளைக் கழுவி வைக்கவும்' என்று மத்தியானமே எல்லார் போனுக்கும் செய்தி வந்துவிடும். அழுகையை நீட்டச் சொல்லி சேனலுக்குப் போன் போட்டார்கள், பக்கத்துத் தெருக்காரர்களைவிட்டும் போடச் சொன்னார்கள், தொடர் முடிய வேண்டிய காலத்தில் முடியாமல், செத்துப்போன மருமகன் உயிரோடு திரும்பி வந்து பூரணியை இன்னொரு வருஷம் அழவைத்தான். காலையில் அவள் படப்பிடிப்புக்குக் கிளம்பும்போது படிக்கட்டு நெடுகக் கதவைத் திறந்து நின்று, பரீட்சைக்குப் போகிற பிள்ளையை வழியனுப்புவது மாதிரி அனுப்பிவைத்தார்கள்.

"நல்லா அழுங்க அக்கா."

"பூரணிம்மா, இன்னைக்கு எங்க வீட்ல விருந்தாளிங்க. கொஞ்சம் பார்த்து அழுங்க."

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிவிடுவாள், ஏனென்றால் முதலில் இதற்கு இடம் கொடுத்தவளே அவள்தான். மும்தாஜின் மாமியார் படுத்த படுக்கை. அந்தக் கிழவியைத் தினமும் கழுவித் துடைக்க, விரிப்பை அலச, ஒரு குடும்பம் குளிக்கிற தண்ணீர் வேண்டும். கிணறு வற்றியிருந்த நாட்களில் மும்தாஜ் அந்த விரிப்பை நாலு தெரு தள்ளி அடிபம்புக்குத் தூக்கிக்கொண்டு போனதைப் பூரணி பார்த்திருக்கிறாள். அந்த வருஷம் ஒரு படத்தில் நீதிபதி வேஷம் வந்தது. கெத்தான வேஷம், கதாநாயகனையே அதட்டுகிற வேஷம். நீதிபதி அழமாட்டாளே என்று பாவம் பார்த்து, தேதி இல்லை என்று அவளாகத்தான் சொன்னாள். ஒருதடவை மனமிரங்கிச் செய்தது அத்தோடு போகும் என்று நினைத்தாள். எங்கே போகும்? அடுத்து டாக்டர் வேஷம் வந்தபோது அவளுடைய மேனேஜர் பரமசிவத்துக்குச் செயலாளரே போன் போட்டு, "அழுகை எத்தனை சீன் சார்?" என்று விசாரித்தார். அம்மன் வேஷம் வந்தபோது, அம்மனுக்குக் கோபம் வரும், கண்ணீர் வராது என்று மூன்றாவது மாடியில் கூடிப் பேசி, அவளிடம் கேட்காமலேயே வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். ஓடிப்போன மகளின் தாய், வாயில்லாத விதவை, பிள்ளைகள் துரத்திய அம்மா என்றால் மட்டும், "இது நமக்குச் சரிப்பட்டு வரும்" என்றார்கள். நமக்காம்! கிளிசரின் விட்டு விட்டுக் கண் மிளகாய் அரைத்த கையால் தேய்த்தது போல எரிந்தது அவளுக்கு, சரிப்பட்டு வந்தது அவர்களுக்கு.

மன்னார்குடியில் இருந்த அவளுடைய அண்ணன் இறந்த சேதி வந்தபோது பூரணி தன் வீட்டுத் தரையில் விழுந்து புரண்டு அழுதாள். துக்கம் கேட்க எல்லாரும் வந்தார்கள். செயலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, போனவர் எத்தனை நல்லவர் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே கண் ஜன்னல் வழியாகக் கிணற்றுப் பக்கம் போனது. கீழே துரைக்கண்ணு கயிற்றை இறக்கிப் பார்த்துவிட்டு மேலே நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினார். சொந்த அழுகைக்குத் தண்ணீர் வராது என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஞானசம்பந்தம் பெருமூச்சு விட்டார். அது அண்ணனுக்காகத்தான் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அதைக்கூடப் பூரணி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஜெயிலில் மகனைப் பார்க்கும் காட்சியை அவள் ஒரே டேக்கில் செய்திருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டியா என்று கேட்க வாய் எடுத்து, கேட்க முடியாமல், மெதுமெதுவாக உடைந்து, கடைசியில் அவன் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுகிற காட்சி. ஸ்டுடியோவில் லைட்டைப் பிடித்திருந்தவர்கள்வரை கைதட்டினார்கள். தன் ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அது ஒளிபரப்பாகிற நாளில் சீக்கிரம் கிளம்பி வந்தாள். ஆட்டோவைவிட்டு இறங்கினால், கார் நிறுத்தும் இடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் அவளுடைய முகம் உடைந்துகொண்டிருக்கிறது, எதிரே ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. அத்தனை பேரும் குடமும் வாளியுமாகக் கிணற்றைச் சுற்றி நின்று, "ஏறுது, ஏறுது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுடைய புருஷன் ஏகாம்பரமும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். தெருநாய் ஒன்று மட்டும் டிவிக்கு அடியில் படுத்திருந்தது, அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது.

"பூரணியம்மா!" செயலாளர் குடத்தோடு ஓடிவந்தார். "இன்னைக்கு அருமை! பிரமாதம்! நாலு உறை!"

"சட்டைப் பித்தான் போட்டுவிட்டது பார்த்தீங்களா சார்?"

"என்ன பித்தான்?" என்றார் அவர்.

யோசித்துப் பார்த்தால் எப்போதுமே அப்படித்தான் நடந்திருக்கிறது. அவள் கண் கலங்கத் தொடங்கியதும் நாற்காலிகள் கிரீச்சென்று பின்னால் நகரும், குடங்கள் ஓடும். அவள் அழுது முடிப்பதை அந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததே இல்லை.

பங்குனியில் ஒருவழியாக 'எட்டாம் வீட்டு மருமகள்' முடிந்தது. வெயில் ஏற ஏறக் கிணறு இறங்கியது. அந்த நேரம் பார்த்து இரண்டு வேலைகள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, பரமசிவம் கொண்டுவந்த புது மெகா தொடர். ஐந்து பிள்ளை பெற்று ஐந்தாலும் கைவிடப்பட்ட தாய், முதல் வாரத்திலிருந்தே அழுகை, இரண்டு வருஷத்துக்கு உத்தரவாதம். இன்னொன்றைக் கொண்டுவந்தவள் தில்ஷாத் என்ற பெண் டைரக்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் வரப்போகிற நகைச்சுவைத் தொடர். காது நன்றாகக் கேட்டும் கேட்காதது போல் நடித்துக் குடித்தனக்காரர்களின் ரகசியம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிற வீட்டுக்காரம்மா வேஷம்.

"என்னை எதுக்கும்மா தேடி வந்தீங்க? எனக்கு அழத்தான் தெரியும்னு ஊருக்கே தெரியுமே" என்றாள் பூரணி. எரிச்சலை மறைக்கவில்லை.

தில்ஷாத் போனை எடுத்து நீட்டினாள். சின்னத்திரையில் ஒரு சாஸ்திரம் உண்டு. சாவுக் காட்சி எடுத்தால், முடிந்ததும் பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். இல்லையென்றால் ஆகாது என்பார்கள். அந்தச் சிரிப்பை எடுப்பார்கள், ஒளிபரப்ப மாட்டார்கள். ஒரு கனவுக் காட்சியில் பூரணி செத்துப்போனபோது எடுத்த சிரிப்பு அந்தப் போனில் இருந்தது. அப்போது தில்ஷாத் அந்தத் தொடரின் எடிட்டிங் அறையில் உதவியாளர். திரையில் பூரணி பாடையிலிருந்து எழுந்தாள், நெற்றிக் காசை எடுத்து இடுப்பில் செருகினாள், மூக்குப் பஞ்சைப் பிடுங்கினாள், மகனாக நடித்த பையனைப் பார்த்து, "ஏண்டா, அம்மா செத்துட்டா அழச் சொன்னா, தும்மல் வந்து நின்னுபோன மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிறே? இறங்கு, நீ படு, நான் அழுது காட்டறேன்" என்றாள். கேமரா குலுங்கியது. எடுத்தவனே சிரித்திருக்கிறான்.

தன்னையே ஒரு நொடி அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சபா நாடகங்களில் அவள் மேடைக்கு வந்தாலே முன்வரிசை வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு தொடரில், ஒரேயொரு தொடரில், கொஞ்சம் நன்றாக அழுதுவிட்டாள். அவ்வளவுதான், முத்திரை குத்திவிட்டார்கள்.

"ரெண்டுக்கும் ஒரே தேதி அம்மா" என்றாள் தில்ஷாத். "அதைச் செஞ்சா இதைச் செய்ய முடியாது. எனக்கு நீங்கதான் வேணும்."

சங்கம் கூடியது. கிணற்றில் அரை உறைதான் மிச்சம் என்று துரைக்கண்ணு முதலில் அறிவித்தார். ஞானசம்பந்தம் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை ஒருதடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். எந்தப் பேச்சையும் அவர் அப்படித்தான் தொடங்குவார்.

"பொதுநலம் கருதிச் சொல்றேன். மெகா தொடரை ஒத்துக்கணும்."

"நான் அழவே மாட்டேன்னு சொல்லலையே சார். கொஞ்ச நாள் சிரிக்க வைக்கிறேன்னுதானே சொல்றேன்."

"சிரிச்சா தண்ணி வருமா?"

"அது எனக்கென்ன தெரியும்?"

"ஏன், வந்தாலும் வருமோ என்னவோ? பார்க்கலாமே" என்றார் முதல் மாடி ஜெபமாலை டீச்சர்.

"வரலைன்னா? சித்திரை வெயில்ல உட்கார்ந்து பரிசோதனை பண்ணச் சொல்றீங்களா டீச்சர்?"

டீச்சர் முந்தானையால் விசிறிக்கொண்டார். பூரணிக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. எனக்கு என்ன வேஷம் வேண்டும் என்று இதில் ஒருத்தராவது கேட்டீர்களா, என் கண்ணைப் பார்த்தீர்களா, நீங்கள் தலையில் ஊற்றிக்கொண்டு குளிக்கிறது என் கண்ணில் விட்ட மருந்து என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரே மும்தாஜ் உட்கார்ந்திருந்தாள். பூரணி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு மும்தாஜ்."

"எனக்குத் தண்ணி வேணும்க்கா. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் மும்தாஜ். "ஆனா கையைத் தூக்க மாட்டேன். என்னால முடியாது."

மற்றவர்கள் தூக்கினார்கள். பூரணி திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஏகாம்பரத்தின் கையும் மேலே இருந்தது. அடிபம்பிலிருந்து இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட மனுஷன். மனைவி பார்க்கிறாள் என்றதும் கையை இறக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

"ரெண்டு வருஷம்தானே பூரணி" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"ரெண்டு வருஷம் நீங்க அழுங்களேன்!"

"எனக்கு அழ வராதேம்மா."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தொட்டியின் அடியில் மிச்சமிருந்தது நூலாக வந்தது. அரிசி களைந்தாள், கையை நக்கிப் பார்த்தாள், தித்தித்தது. இந்த வீட்டில் சோறு வடிப்பதும் ரசம் வைப்பதும் எச்சில் தட்டைக் கழுவுவதும் என் அழுகையில்தான், இந்தக் கட்டடமே என் அழுகையில்தான் பல் தேய்க்கிறது, ஆனால் நான் அழுவதைப் பார்க்க ஒரு நாதியில்லை. அரிசியை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பரமசிவத்துக்குப் போன் செய்தாள்.

"இல்லைங்க. எனக்குத் தேதி இல்லை."

"என்னம்மா விளையாடறீங்க? ராத்திரி எட்டு மணி சீரியல்! வேற ஆளைப் போட்டா போட்டதுதான், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

"போடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டுப் போய், களைந்த அரிசியை உலையில் போட்டாள்.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. படிக்கட்டில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், நல்லா அழுங்க அக்கா என்ற குரல்கள் நின்றுபோயின, பொது டிவிக்குத் துணி போட்டு மூடினார்கள். புதுத் தொடரில் வேறொரு நடிகை ஐந்து பிள்ளைக்காகவும் அபாரமாக அழுதாள். நவரத்னா கிணற்றில் ஈரம்கூடப் படவில்லை, அந்த அம்மாள் குடியிருக்கிற தெருவில் ஏறியதோ என்னவோ. பிறகு ஒருநாள் காலை பூரணி கதவைத் திறந்தால், தன் வாசல் தொடங்கிக் கீழ்ப்படிவரை, படிக்கு ஒன்றாகக் காலிக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பச்சை, நீலம், சிவப்பு, மூக்கு உடைந்தது, கழுத்தில் கயிறு கட்டியது. யாரும் வைத்ததாகச் சொல்லவில்லை. மறுநாளும் இருந்தன, அதற்கு மறுநாளும் இருந்தன, பால்காரரும் தாண்டித் தாண்டிப் பழகிவிட்டார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது அவற்றைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு போனார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் உருண்டுவிடாமல், பூரணி அவற்றுக்கு நடுவே இறங்கிப் போனாள். கடைசிப் படியில் மும்தாஜின் மஞ்சள் குடமும் இருந்தது. அதைத் தாண்டுகிறபோது மட்டும் ஒவ்வொரு நாளும் கால் தடுக்கியது.

இத்தனைக்குப் பிறகு செட்டில் போய் நின்றால், தில்ஷாத் 'ஆக்‌ஷன்' என்று சொன்னதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது. கிளிசரின் இல்லை, துக்கம் இல்லை, வெறும் பழக்கம். மறுபடி எடுத்தார்கள், மறுபடி கட்டியது. உதடு தானாகத் துடித்தது, குரல் தானாகக் கம்மியது. அவள் அம்மி மாதிரி நின்றாள். ஊரைப் பகைத்துக்கொண்டு வந்தாயிற்று, வந்த இடத்தில் இந்தக் கட்டை வேறு அழுது தொலைக்கிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குடங்கள் ஞாபகம் வந்தன. கூடவே, பொதுநலம் கருதி என்ற குரலும் அந்தக் கனைப்பும் அந்தப் பேனா அழுத்தலும் ஞாபகம் வந்தன. வயிற்றிலிருந்து கோபம் கிளம்பி வந்தது. நல்ல கோபம், பசியெடுத்த கோபம்.

"தில்ஷாத், இப்ப எடும்மா" என்றாள். எடுத்தார்கள், வசனம் எழுதியவனே நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான்.

முதல் பகுதி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்து டிவியின் துணியை யாரோ எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நடுவுல ஒரு சீன் அழுதாலும் அழுவாங்க, குடத்தை எடுத்துட்டே வாங்க" என்று செயலாளர் சொல்ல, காலிக் குடங்களை மடியில் வைத்துக்கொண்டு, கடன்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லாரிக்குப் பதிவு செய்து பத்து நாளாகிவிட்டது; அவர்களுக்குச் சிரிக்கிற நிலைமையும் இல்லை. பூரணி கீழே இறங்கவில்லை. முதல் மாடிப் படித் திருப்பத்தில், சுவரோரம், அவர்களுக்குத் தெரியாமல் நின்றுகொண்டாள். அவர்களுடைய முதுகுகள் மட்டும் தெரிந்தன.

திரையில் குடித்தனக்காரன் ஒருவன் குளியலறையில் தலை முழுக்கச் சோப்பைப் போட்டுக்கொண்டு, செவிட்டுக் கிழவிக்கு என்ன கேட்கப் போகிறது என்ற தைரியத்தில் வீட்டுக்காரம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். வெளியே வீட்டுக்காரம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வசவுக்கும் ஒரு இணுக்கை உருவினாள். பிறகு எழுந்தாள். இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தாள், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை ஒருதடவை அழுத்திப் பார்த்துக்கொண்டாள், மோட்டார் சுவிட்சை அணைத்தாள். உள்ளே தண்ணீர் நின்றுபோய் அவன் கூப்பாடு போட்டான்.

"பொதுநலம் கருதிச் சொல்றேன் தம்பி" என்றாள், தேனாக. "கூப்பிட்டியா? எனக்குத்தான் காது கேக்காதே."

முதுகுகளில் ஒன்று குலுங்கியது. மும்தாஜ் வாயைப் பொத்தியும் பொத்த முடியாமல் மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. ஜெபமாலை டீச்சர், "ஐயோ, ஆண்டவரே" என்று பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. துரைக்கண்ணு சிரிக்கத் தெரியாமல் இருமினார், பிள்ளைகள் தரையில் உருண்டார்கள், மடியிலிருந்த குடங்கள் ஒவ்வொன்றாக நழுவி டங் டங்கென்று உருண்டு போயின, யாரும் பிடிக்கவில்லை. ஏகாம்பரம் முதுகுவலி மனுஷன், இரண்டாக மடிந்து கிடந்தான். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது ஞானசம்பந்தம்தான். "இப்படியே ஒரு ஆளை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, பேனாவை அழுத்திக்கொண்டார்.

கிணறு அப்படியேதான் கிடந்தது. சிரிப்புக்கு அது ஏறவில்லை. துரைக்கண்ணு பழக்கதோஷத்தில் போய்க் கயிற்றை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை" என்றபடி ஓடிவந்து உட்கார்ந்தார். யாரும் அவரைக் கேட்கவுமில்லை.

அப்போதுதான் வாசலில் லாரி வந்து நின்றது. பத்து நாளாகக் காத்திருந்த தண்ணீர் லாரி. பாம் பாம் என்று ஹாரன் அடித்தது. மற்ற நாளாக இருந்தால் முதல் ஹாரனுக்கே குடுமிப்பிடி நடக்கும். அன்றைக்கு ஒரு நாற்காலியும் நகரவில்லை. இரண்டாவது தடவை அடித்தது. "இருய்யா, இரு, இந்த சீன் முடியட்டும்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே செயலாளர் கையை ஆட்டினார்.

பூரணி படியிறங்கினாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூணோரம் உருண்டு கிடந்த மும்தாஜின் மஞ்சள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அந்தத் தெருவில் தண்ணீர் வரிசையில் அவள் முதல் ஆளாக நின்றது அன்றைக்குத்தான்.

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க அந்த அழற அம்மாதானே? என்னம்மா, இவ்வளவு ஹாரன் அடிக்கிறேன், ஒருத்தரும் வரலை. தண்ணி வேணாமா இந்த வீட்டுக்கு?"

"வேணும். அஞ்சு நிமிஷம் பொறுப்பா" என்றாள் பூரணி. "அழுகைன்னா பாதியிலேயே எழுந்து வந்திருப்பாங்க. நீ பைப்பைத் திற."

தண்ணீர் விழுந்தது. ப்ளீச்சிங் பவுடர் நெடி குப்பென்று அடித்தது, தித்திப்பே இல்லை. உள்ளே இன்னொரு சிரிப்பு எழுந்து அடங்குவதற்குள் அடுத்தது எழுந்தது. அவள் குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். குடம் நிரம்பி வழிந்து அவள் காலெல்லாம் நனைந்தது.

"அம்மா, ரொம்பிடுச்சு" என்றார் டிரைவர்.

"தெரியும்" என்றாள்.